ஏ-401 வீட்டு விருந்தாளி

அம்பத்தூர்
28.10.2020

அன்புள்ள ரேணுகாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்கும் உன் அண்ணி சாவித்திரிக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, காப்பியின் வாசனை தெரிகிறது. இந்த வருஷம் நலம் என்பதற்கு இதற்கு மேல் பொருள் கிடையாது. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் போன் ஒரு வாரத்துக்கு மேலாக அணைந்து கிடக்கிறது. நேரில் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், தபாலில் எழுதினால் படிக்கிறேன் என்று உன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தீபிகா மூலம் சொல்லி அனுப்பியிருந்தாய். அதனால் அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குத் தபால் எழுதுகிறேன். ரயில் ஓடிய காலத்தில் பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். தபாலாபீசில் கவரின் முகவரியைப் பார்த்த பெண் என்னையும் ஒருமுறை பார்த்தார்.

நடந்ததை விளக்க வேண்டிய பொறுப்பு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்கு உண்டு. 'அருகாமை' செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டவர்களை மட்டுமே முல்லைவனம் குடியிருப்புக்குள் விடுவது என்று நாங்கள் விதி வைத்தது எல்லோருடைய பாதுகாப்புக்காகவும்தான். உன் போனில் அதை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு போன்கள் பக்கத்தில் இருந்தால் ப்ளூடூத் வழியாக அது குறித்துக்கொள்ளும். நாளைக்கு ஒருவருக்குத் தொற்று வந்தால் அவர் அருகில் இருந்தவர்களுக்குத் தகவல் போகும். யாருடைய பெயரும் அதில் இருக்காது, எண் மட்டும்தான்.

அந்தச் செயலியின் படம் ஒன்று வெளியாகிவிட்டது. ஏ-401-வி என்ற எண்ணும் சி-102-1 என்ற எண்ணும் சனிக்கிழமைதோறும் மணிக்கணக்காக அருகருகே இருந்தது அதில் நீலக் கோடாகத் தெரிகிறது. ஏ-401 நம் வீடு. வி என்றால் விருந்தாளி, அதாவது சனிக்கிழமைகளில் வரும் நீ. சி-102 பால்ராஜ் குடியிருக்கும் வீடு. எப்படியோ ஜனங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

யாரோ உள்ளே நுழைந்து திருடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்தக் காலத்தில் எதுதான் பாதுகாப்பாக இருக்கிறது.

உனக்கும் அவருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஃபோர்மேன், மனைவி இறந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் என்பதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றித் தெரியாது. நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் சரி. ஆனால் சொன்னால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள். கபசுரக் குடிநீரை விட்டுவிடாதே.

அன்புடன்,
மனோகரன்


ஆவடி
9.11.2020

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எனக்கும் காய்ச்சல் இல்லை. கபசுரக் குடிநீர் குடித்தால் வாந்தி வருகிறது, அதனால் குடிப்பதில்லை. அண்ணிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

நான் ஏன் போனை அணைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தப் படத்தின் ஓரத்தில் உங்கள் விருந்தாளிகள் எல்லோருடைய போன் நம்பரும் சேர்ந்து போயிருக்கிறது. முதல் நாள் ஒருவர் கடன் வேண்டுமா என்றார். மறுநாள் ஒருவர் வரன் வேண்டுமா என்றார். அடுத்தவர் எதுவும் கேட்கவில்லை, மூச்சு மட்டும் விட்டார். தொழிற்சாலையில் என் வரிசையில் முகக்கவசம் தைக்கும் பெண்கள் எல்லோரிடமும் படம் வந்துவிட்டது. "என்னா ரேணு, ப்ளூடூத் கனெக்ட் ஆயிடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். ஷிப்ட் முடியும்வரை எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். நான் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கப் போவதில்லை என்றதால் சொல்கிறேன். நானும் பால்ராஜும் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். நம் அப்பா போன பிறகு இத்தனை வருஷம் நான் தனியாக இருந்தது கஷ்டம் தெரியாமல் அல்ல. உங்கள் லிஃப்ட் நடுவில் நின்றபோது கம்பியால் கதவை நெம்பி என்னை வெளியே எடுத்தது அவர்தான். அன்றைக்கு நீங்கள் லிஃப்ட் கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதினீர்கள். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

பொங்கலுக்கு வரும்போது உங்களிடமும் அண்ணியிடமும் நானே சொல்வதாக இருந்தேன். என்ன புடவை கட்டிக்கொண்டு வந்து, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். என் வாயால் சொல்ல வேண்டிய ஒன்று எனக்கு முன்னால் ஆவடி வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு வேறு கோபம் இல்லை. அது எப்படி வெளியே போனது, யார் கொடுத்தது என்று மட்டும் தெரிய வேண்டும்.

தங்கை,
ரேணுகா


அம்பத்தூர்
22.11.2020

அன்புள்ள ரேணுகாவுக்கு,

மழை விடாமல் பெய்கிறது. பேஸ்மென்ட்டில் தண்ணீர். மற்றபடி நாங்கள் இருவரும் உலர்ந்த நிலையில் இருக்கிறோம். அண்ணியின் முட்டி மழைக்கு முந்தின நாளே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.

உன் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு விசாரணைக் குழு அமைத்திருக்கிறேன். படம் எப்படி வெளியே போனது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. பாரபட்சமில்லாத ஆள் தலைவராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கருதினார்கள். மென்பொருள் நிறுவனத்தில் இத்தனை வருஷம் சோதனைப் பிரிவில் அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடித்தவன் என்பதால் என்னையே இருக்கச் சொன்னார்கள். மறுத்துப் பார்த்தேன்.

முதல் சாட்சி பி பிளாக் ஸ்ரீநாத். செயலியைக் கட்டியவர் அவர்தான். ஆளுக்கு ஒரு எண் என்று நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது, கால் மணிக்கு ஒருமுறை மாறும் எண்ணாக இருக்க வேண்டும், சேர்ந்த விவரத்தைப் பதினைந்து நாளில் அழிக்க வேண்டும், எல்லோருடைய விவரத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் நிர்வாகி திரை என்று ஒன்றே கூடாது என்று தாம் ஆரம்பத்திலேயே சொன்னதாகச் சொன்னார். பிறகு ஏன் கதவு எண்ணைப் போட்டீர்கள் என்று குழு கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை வைத்துச் சங்கம் எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது என்பது அன்றைக்கு எழுந்த நியாயமான கேள்வி. பார்க்கிங் முதல் தண்ணீர் லாரி வரை முல்லைவனத்தில் எல்லாமே கதவு எண்ணில்தான் நடக்கிறது. இந்தப் பகுதியைத் 'தொழில்நுட்பம்' என்று வகைப்படுத்தி ஒதுக்கி வைத்தோம்.

கல்யாண விஷயத்தில் அவசரப்படாதே. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் வாய் அடங்கட்டும் என்கிறேன்.

மழையில் நனையாதே.

மனோகரன்


ஆவடி
4.12.2020

அண்ணாவுக்கு,

நலம். குவார்ட்டர்ஸில் மழைத் தண்ணீர் நிற்கவில்லை.

ஊர் வாயை ஊருக்குக் கொடுத்தது யார் என்றுதான் கேட்டேன்.

பால்ராஜிடமும் கேட்டேன். வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து பால் பூத் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகிறார். "விடு ரேணுகா, வந்தது வந்திருச்சு" என்கிறார். அவருக்கு ஏதோ தெரியும் என்று நினைக்கிறேன். மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனுஷர். மறைக்க வேண்டியிருந்தால் டைனமோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். போன வாரம் முழுக்க டைனமோதான்.

அண்ணிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரேணுகா


அம்பத்தூர்
20.12.2020

அன்புள்ள ரேணுகாவுக்கு,

மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளாமல் எனக்கு இரண்டு நாள் தும்மல். பக்கத்து வீட்டார் தங்கள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இப்போது பரவாயில்லை. நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

விசாரணை நல்லபடியாக முன்னேறி வருகிறது. வாட்ச்மேன் வேம்புலியை அழைத்தோம். அவரிடம் பட்டன் போன் மட்டுமே இருப்பதால் விட்டுவிட்டோம். அவர் வேறு ஏதோ சொல்ல வந்தார். விசாரணையின் வரம்புக்குள் வராதது என்று நான் நிறுத்திவிட்டேன். குழுவுக்கு ஒரு வரம்பு வேண்டும்.

அடுத்த அமர்வில் பால்ராஜை அழைக்க வேண்டும் என்று பொருளாளர் பிரசன்னா சொல்கிறார். படத்தில் அவர் எண்ணே இருக்கும்போது அவரையே எப்படி என்று நான் கேட்டேன். அதனால்தான் என்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பெண் வீட்டார் வேறு வழியில்லாமல் சம்மதிப்பார்கள் என்று அவரே செய்திருக்கலாமாம். நான் இதை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைவர் என்ற முறையில் எந்தக் கோணத்தையும் நான் தடுக்கக் கூடாது.

இரவில் சரியாகத் தூக்கம் இல்லை. வயசுக் கோளாறு.

மனோகரன்


அம்பத்தூர்
9.1.2021

அன்புள்ள ரேணுகாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

விசாரணை முடிந்தது. அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் தனியாக எழுதியதல்ல, ஆனால் கையெழுத்து என்னுடையது.

பால்ராஜ் வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. இந்தப் படத்தை எடுத்து வெளியே கொடுத்தது நீங்களா என்று குழு கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். இல்லை என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்று பிரசன்னா இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தார். இரண்டு முறையும் அதே பதில். மறுக்கவில்லை என்று பதிவு செய்தோம். மறுக்காதது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று அடுத்த வரியில் வந்துவிட்டது. அடுத்தடுத்த வரிகள் அப்படித்தான் வந்து விழுகின்றன.

நீ மனசைத் தளரவிடாதே. மனிதர்களைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒரு வகையில் நல்லதுதான் என்று சொல்கிறார்கள்.

பொங்கலுக்கு வா. அண்ணி காத்திருக்கிறாள்.

மனோகரன்


ஆவடி
20.1.2021

அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அறிக்கையை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள்தானா என்று கேட்டேன். டைனமோவைப் பற்றிக்கூடப் பேசவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அறிக்கையைக் கிழித்துப் போட்டிருப்பேன். சொல்லவில்லை.

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

உங்கள் குழுவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ரேணுகா


அம்பத்தூர்
22.2.2021

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நேற்றுதான் உன்னைப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். பேச நினைத்தது பேச முடியாமல் போனதால் எழுதுகிறேன். அண்ணிக்கு உன்னைப் பார்த்ததில் சந்தோஷம். எனக்கும்தான். ரொம்ப இளைத்திருக்கிறாய்.

தொடர்ந்து மூன்று ஞாயிறு வந்தோம். மூன்று தடவையும் சோறு குழைந்திருந்தது. ரேஷன் அரிசியா? நான் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ பேசலாம் என்று நான் வாயெடுக்கும் போதெல்லாம் நீ "குக்கரைப் பார்த்துட்டு வந்துர்றேண்ணா" என்று உள்ளே போய்விட்டாய். நேற்று விசில் வந்த மாதிரியே எனக்குக் கேட்கவில்லை. என் காதும் முன்போல இல்லை.

குடியிருப்புச் செய்தி ஒன்று. படம் வெளியானதிலிருந்து முல்லைவனத்தில் எல்லோரும் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியே இறங்குகிறார்கள். நடைப்பயிற்சி, மொட்டை மாடி, வாசலில் காய்கறி வண்டி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். விளைவாக, செயலியின்படி மூன்று மாதமாக எங்கள் குடியிருப்பில் யாரும் யாரையும் சந்திக்கவே இல்லை. இந்தச் சாதனையைப் பாராட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். ஒட்டிய வாரமே பிரசன்னாவுக்குத் தொற்று வந்தது. அவர் அருகில் இருந்தவர்கள் யார் என்று செயலியைத் திறந்து பார்த்தேன். போனுக்கு அருகில் அவருடைய கட்டில்தான் இருந்திருக்க வேண்டும். பிழைத்துவிட்டார். ஸ்ரீநாத் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்.

விதி போட்டவன் என்பதால் நான் மட்டும் போனை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறேன். நிர்வாகி திரையில் ஒரே ஒரு புள்ளி காம்பவுண்டைச் சுற்றுகிறது. சில நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

பால்ராஜ் என்னைப் பார்த்தால் வழக்கம் போல வணக்கம் சொல்கிறார். அவர் சொல்லாமல் போனால் நன்றாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு வரட்டுமா?

மனோகரன்


ஆவடி
3.3.2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. விசில் வரவில்லை. அரிசியும் நல்ல அரிசிதான்.

பிப்ரவரி முதல் வாரம், நீங்கள் முதல் ஞாயிறு வருவதற்கு முன்னால், நான் முல்லைவனத்துக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்கு அல்ல. பால்ராஜின் டிபன் கேரியர் என்னிடம் கிடந்தது. கேட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தேன். செயலி இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார் வேம்புலி. அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ ஏ-401 ஊட்டு ஆளுதானே? அந்தப் படம் மேட்டருக்கு பால்ராஜ் சாரைக் கூப்ட்டு நிக்க வெச்சாங்களே, இன்னா நாயம்மா அது? அன்னிக்கு அந்த செயலியக் காட்டற மீட்டிங்குக்கு டிவிய செவுத்துல மாட்டறதுக்கே அவரத்தான் கூப்ட்டாங்க. ஸ்க்ரூ நிக்கல. மீட்டிங் முடியற முட்டும் ஏணி மேல ரெண்டு கையாலயும் டிவியப் புடிச்சிகினு நின்னாரு. உங்க அண்ணாத்தே குச்சி வெச்சிகினு கோடு கோடா காட்டினாரு. வேணும்னா படம் எடுத்துக்கோங்கன்னாரு. அல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சாங்க. பால்ராஜ் சாரு இன்னா, மூணாவது கையில எடுத்தாரா?"

நான் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேம்புலி தண்ணீர் கொடுத்தார். பால்ராஜ் வேலையிலிருந்து வரும்வரை அங்கேயே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உனக்கு அண்ணன் இல்லாம போயிருப்பாரு. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள நீயே முடிச்சிட்டே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. மனுஷரை விட்டுவிட்டு அறிக்கையை நம்பியது நான். அந்த வெட்கம் என்னுடையது, அதில் உங்களுக்குப் பங்கு தர மாட்டேன்.

உங்கள் பங்கு இரண்டு. ஒன்று, படத்தைக் காட்டியது நீங்கள் என்பது. அது வேம்புலி சொல்லித் தெரிந்தது. இன்னொன்று யாரும் சொல்லாமல் தெரிந்தது. அக்டோபர் மாதம், உங்கள் மீட்டிங்குக்கு முந்தின சனிக்கிழமை, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "சி பிளாக்ல காத்து நல்லா வருதா ரேணு?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு வாரம் முன்னாடி புரிந்தது. நீங்கள் எங்களை நிர்வாகி திரையில் முன்பே பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள். எண் மட்டும்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஏணி மேல் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும், விலகிப் போய்விடுவார் என்று நினைத்திருப்பீர்கள்.

என்னிடம் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பாரம் இறங்கிவிடும். எனக்கு அது வேண்டாம். அதனால்தான் குக்கர். முதலாவதை, படத்தை எங்கே காட்டினீர்களோ அங்கே சொல்லுங்கள். அதே ஹால், அதே டிவி, அதே ஆட்கள். கெட்டது அவர் பெயர், அது அங்கேதான் கெட்டது. இரண்டாவதை எங்கேயும் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும். அண்ணிக்குக்கூடத் தெரிய வேண்டாம், பால்ராஜிடமும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன். அடுத்தவர் விஷயம் கையில் கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் முடியும்.

மார்ச் 26, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். இரண்டு மதம் என்பதால் எங்கள் பெயர், வயசு, முகவரி எல்லாம் எழுதி முப்பது நாள் பலகையில் தொங்கவிடுவார்களாம். தொங்குகிறது, போய்ப் பார்த்தோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ஒட்டுவதற்கு முன்னால் எங்களிடம் சொன்னார்கள்.

சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். தீபிகா ஒன்று, வேம்புலி ஒன்று. மூன்றாவது இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அண்ணியின் முட்டிக்கு நல்லெண்ணெய் தடவிப் பாருங்கள்.

தங்கை,
ரேணுகா


அம்பத்தூர்
16.3.2021

அன்புள்ள ரேணுகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாலு நாள் பையிலேயே வைத்திருந்தேன். அண்ணி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்றேன். முட்டிக்கு எண்ணெய் தடவச் சொன்னதையும் சொன்னேன். தடவுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் போட்டேன். பொருள், 'இதர' என்று அறிவித்திருந்ததால் நிறையப் பேர் வந்தார்கள். தண்ணீர்க் கட்டணம் என்று நினைத்துவிட்டார்கள். வேம்புலியை உள்ளே உட்காரச் சொன்னேன். பால்ராஜ் கடைசி வரிசையில் நின்றார். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

டிவி இப்போது சுவரில் உறுதியாக இருக்கிறது. பிற்பாடு நாலு ஸ்க்ரூ வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தவர் அவர்தானாம், வேம்புலி சொன்னார். விசாரணைக்கு மறுநாள் மாட்டினாராம்.

ஒரே ஒரு பக்கம் தயார் செய்திருந்தேன். 'படத்தை எல்லோருக்கும் காட்டியவர்: ஏ-401-1, மனோகரன். படம் எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. கதவு எண்ணைப் போடச் சொன்னவரும் அவரே. சி-102 பால்ராஜ் எடுக்கவில்லை, அவர் இரண்டு கையாலும் டிவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விசாரணை அறிக்கை பொய்.' குச்சியை எடுத்துப் போயிருந்தேன், ஆனால் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. வாயால் படிக்கவும் வேண்டும் என்று நினைத்துப் படித்தேன். பாதியில் ஒரே வரியை இரண்டு முறை படித்துவிட்டேன். பிரசன்னா, மீதியை நாங்களே படித்துக்கொள்கிறோம் சார் என்றார். கடைசி வரிவரை நானே படித்தேன்.

இது விசாரணையின் வரம்புக்குள் வருமா என்று ஒருவர் மட்டும் கேட்டார். வழக்கமாகக் கூட்ட முடிவில் நான் சொல்வதைச் சொன்னேன். வேண்டியவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அன்று சாயங்காலமே தீபிகா அதை உனக்குக் காட்டியிருப்பாள். உன் வரிசைப் பெண்களிடமும் வந்திருக்கும். ஆவடிக்கு என் தபால் போகும் வேகம் உனக்குத் தெரியும், அது போகும் வேகமும் தெரியும்.

செயலியை அழித்துவிட்டோம். ஸ்ரீநாத்தை ஊரிலிருந்தபடியே அழிக்கச் சொன்னேன். சேர்ந்திருந்த விவரம் எல்லாம் போய்விட்டது என்கிறார். வெளியே போன படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டேன். அதை எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது என்றார். செயலாளர் பதவியையும் விட்டுவிட்டேன். வேறு யாரும் முன்வராததால் நானே தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டம் கலையும்போது பால்ராஜ் கையைத் தூக்கினார். அந்த விதி இன்னும் அமலில் இருந்தது. பேசுங்கள் என்றேன். "வர்ற இருபத்தாறாம் தேதி எங்க கல்யாணம். எல்லாரும் வரணும். போனை மட்டும் வீட்ல வெச்சிட்டு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் கம்ப்யூட்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "இந்த ஒயர் நாள்பட தாங்காது மச்சான், வேற வாங்கணும்" என்றார். ஒயரைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினார். நானும் மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து மூன்றாவது கையெழுத்தைப் போடுகிறேன். போன் கொண்டுவர மாட்டேன்.

மறுவாரம் ஞாயிறு உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம். ஹாலில் சொல்லாத அந்த இன்னொன்று என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை இறக்கி வைக்க இடம் தேடி உன் வீட்டுக்கு வர மாட்டேன். நீ அடுப்பங்கரைக்கு ஓட வேண்டாம். விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்திரு. சோறு பதமாக இருக்கட்டும்.

அண்ணன்,
மனோகரன்